ஆறுதல் சொல்லாதவர்

பதினோரு புதன்கிழமைகள் நான் அவரிடம் போயிருக்கிறேன். குறைந்தது இருபது நிமிடம், அதிகம் போனால் ஒரு மணி ஐம்பது நிமிடம். இத்தனை நேரத்தில் "ஒண்ணும் ஆவாது" என்று அவர் ஒரு தடவைகூட என்னிடம் சொன்னதில்லை. என் மனைவி அதை ஒரே சாயங்காலத்தில் பதினாலு தடவை சொல்லியிருக்கிறாள். எண்ணி வைத்திருக்கிறேன்.

அந்த அம்மாள் மனநல ஆலோசகர். ஊத்துக்கோட்டைப் பக்கம் நெல் பயிரிடும் குடும்பம். வயது முப்பத்தைந்துக்கு மேல் இருக்காது. திருவள்ளூரில் வேலை. புதன்கிழமைகளில் மட்டும் இரண்டு பஸ் மாறி கும்மிடிப்பூண்டிக்கு வருவார். ஓர் ஆஸ்பத்திரியில் குழந்தைகளுக்கு ஊசி போடும் அறையைப் பதினொரு மணிக்கு மேல் அவருக்கு ஒழித்துக் கொடுப்பார்கள். குழந்தைகளை நிறுக்கும் தராசு ஒன்று எங்கள் தலைக்கு மேல் தொங்கும். மேஜைக்கு எதிரில் என்னை உட்காரவைக்க மாட்டார். பிளாஸ்டிக் நாற்காலியைத் தன் பக்கத்தில் இழுத்துப் போட்டு, இரண்டு பேரும் சுவரைப் பார்க்கும்படி உட்காருவார். கொட்டாவி வந்தால் மறைக்காமல் விடுவார். அவர் ஊர் வழக்கப்படி, அப்பா வயதுள்ள எவரையும் "நைனா" என்றுதான் கூப்பிடுவார். எனக்கு முதலில் அது பிடிக்கவில்லை. மூன்றாவது புதனுக்கு மேல் பழகிவிட்டது.

இரண்டாயிரம் பிறந்து ஆறேழு வருடம் ஆகியிருந்த சமயம். எனக்கு ஐம்பத்தாறு வயது முடிந்து நான்கு மாதம். தொழிற்பேட்டையில், அட்டைப்பெட்டிக்கான காகிதம் செய்யும் ஆலை ஒன்றில் பாய்லர் ஓட்டிக்கொண்டிருந்தேன். இருபத்தெட்டு வருட சர்வீஸ். ஓய்வுக்கு இருபது மாதம் பாக்கி.

ஷிப்டு முடிவதற்கு முன், பாய்லரின் அடியில் தங்கும் கசடைத் திறந்துவிட்டு மூடவேண்டும். அதற்கான வால்வை புளோடவுன் என்போம். அதை மூடாமல் விட்டால் தண்ணீர் வடிந்துவிடும். தண்ணீர் இல்லாத பாய்லருக்கு அடியில் நெருப்பு எரிந்தால் என்ன ஆகும் என்பதைப் பரீட்சைக்குப் படித்துத் தேறியவன் நான். ஆகவே மூடியதை ஒரு தடவை பார்ப்பேன். பிறகு அது இரண்டு தடவையாயிற்று. ஐந்து வருடத்தில் ஆறு தடவையாயிற்று. ஆறு தடவை பார்த்துவிட்டு கம்பெனி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால், ஆறாவது தடவை பார்த்தது நேற்றா இன்றா என்று சந்தேகம் வரும். நெஞ்சு அடிக்கும். உள்ளங்கை நனையும். இரண்டு முறை, வீடு இருக்கும் ஆரம்பாக்கம் போகும் பாதி வழியில் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கி, ஆலைக்குத் திரும்பி நடந்தேன்.

"இன்னா பெரியவரே, தெனம் பேஜாரா கீது? பேசாம அந்த வால்வ கயட்டி ஊட்டுக்கே எத்துக்கினு வந்துடு" என்றார் டிரைவர். பஸ்ஸில் பத்தொன்பது பேர் சிரித்தார்கள்.

இரண்டாம் முறை திரும்பி வந்தபோது, அடுத்த ஷிப்டுக்காரன் நிற்கும்போதே உள்ளே புகுந்து வால்வில் கை வைத்துவிட்டேன். மேனேஜர் பார்த்தார். "இன்னொரு தடவ இப்படித் திரும்பி வந்தா உன்ன பாய்லர் பக்கமே விடமாட்டேன். கேட்டுல உக்காந்து லாரி நம்பர் எழுது. மொதல்ல டாக்டர்கிட்ட போய் சீட்டு வாங்கிக்கினு வா" என்றார். இருபத்தெட்டு வருடம் நெருப்பைக் காத்தவன் கேட்டில் உட்கார்ந்து நம்பர் எழுதுவதை நான் நினைத்துப் பார்த்தேன். நினைக்க முடியவில்லை.

டாக்டர் மூன்று தடவை இ.சி.ஜி. எடுத்தார். மூன்றும் சரியாக இருந்தன. அப்புறம்தான் இந்த அம்மாளிடம் அனுப்பினார். சீட்டில் 'அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை' என்று எழுதியிருந்தது. அது என்னவென்று அம்மாளிடம் கேட்டேன். "பேரு கெடக்குது நைனா. நீங்க விஷயத்த சொல்லுங்க. இன்னா ஆவும்னு பயப்படறீங்க?" என்றார்.

"வெடிக்கும்."

"வெடிச்சா?"

"ஆளுங்க சாவாங்க."

"எத்தினி பேரு?"

இதுவரை எவரும் என்னை இதை எண்ணச் சொன்னதில்லை. "ஒரு ஷிப்டுல நாப்பத்திரெண்டு பேரு" என்றேன்.

"அப்பறம்?"

"போலீசு வரும். ஜெயிலு. எங்க ஊட்டுக்காரி தெருவுல நிப்பா."

எல்லாவற்றையும் ஒரு பழைய மருந்துச் சீட்டின் பின்பக்கம் எழுதிக்கொண்டார். "இது நடக்கும்னு நூத்துக்கு எத்தினி தோணுது?"

"பஸ்ஸுல இருக்கும்போது தொண்ணூறு."

"இருவத்தெட்டு வருசத்துல எத்தினி தடவ அந்த வால்வ மூடியிருப்பீங்க?"

வருடத்துக்கு முந்நூறு நாள் என்று போட்டு, "எட்டாயிரத்து நானூறு" என்றேன்.

"எத்தினி தடவ தொறந்து உட்டுட்டு வந்திருக்கீங்க?"

"ஒரு தடவகூட இல்ல."

இப்போது சொல்லிவிடுவார் என்று காத்திருந்தேன். எட்டாயிரத்து நானூறில் பூஜ்யம் என்றால் வேறு என்ன சொல்ல இருக்கிறது? அவர் கொட்டாவி விட்டார். "நாளைக்கி தொறந்து உட்டுட்டு வந்தாலும் வருவீங்க. எனக்கு எப்டி தெரியும்?" என்றார்.

அன்று வீட்டுக்குக் கோபத்தோடு போனேன். படித்த பெண், அரசாங்க வேலை, வாயில் ஒரு நல்ல வார்த்தை வரவில்லை என்று மனைவியிடம் சொன்னேன். "ஒண்ணும் ஆவாது, சாப்டுங்க" என்றாள்.

வெளியே பெஞ்சில் எனக்கு முந்தைய டோக்கன் பழவேற்காட்டுத் துணிக்கடைக்காரர் ஒருவருடையது. பாய் என்று கூப்பிடுவேன். வெள்ளிக்கிழமை தொழுகையில் நெருக்கமான வரிசைக்குள் நின்றால் மயங்கி விழுந்துவிடுவோம் என்று அவருக்குப் பயம். மூன்று வருடமாக வாசலை ஒட்டிய கடைசி வரிசையில், செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றுவந்தார். இந்த அம்மாள் அவரை வாரம் ஒரு வரிசை முன்னே போகச் சொல்லியிருந்தார்.

"மயக்கம் வராதுல்லம்மான்னு கேட்டேன் பெரியவரே. அதுக்கு அது இன்னா கேட்டுது தெரியுமா? வந்தா இன்னா பண்ணுவாங்கன்னு கேக்குது!"

"நீங்க இன்னா சொன்னீங்க?"

"தூக்கி உக்காரவச்சி தண்ணி குடுப்பாங்கன்னேன். யாருன்னு கேட்டுது. எங்க ஆளுங்கதான்னேன். அப்ப சரின்னு அடுத்த டோக்கன கூப்ட்டுடுச்சி." பிறகு, "நாலாவது வரிசைக்கி வந்துட்டேன்" என்றார். "உங்க வால்வு எத்தினியாவது வரிசைல கீது?"

மூன்றாவது புதன் என் மனைவியையும் அழைத்துவரச் சொன்னார். நான் கேட்கும்போதெல்லாம் ஒன்றும் ஆகாது என்று சொல்வதை அவள் நிறுத்தவேண்டும் என்றார்.

"அப்ப நான் இன்னாதாம்மா சொல்றது? பாவம், மூஞ்சி செத்துப்பூடுதே."

"'தெரியலியே'ன்னு சொல்லுங்க."

"பொண்டாட்டி சொல்ற பேச்சாம்மா அது?"

"நீங்க சொன்னா அவருக்குப் பத்து நிமிசம் நல்லா கீது. பதினோராவது நிமிசம் திரும்பக் கேக்கறாரு. இன்னிக்கி பதினாலு தடவன்னா அடுத்த மாசம் இருவது தடவ." பிறகு என் பக்கம் திரும்பினார். "போயி பாத்தா பயம் எறங்குது. அதனால பாக்கறதுதான் மருந்துன்னு நெனச்சிக்கிறீங்க. பாக்காமயே எறங்குமா எறங்காதான்னு நீங்க ஒருநாளும் பாத்ததில்ல."

எறங்குமா என்று கேட்டேன். அதற்கும் தெரியாது என்றுதான் சொன்னார்.

என் மனைவி இரண்டு நாள் தயங்கினாள். மூன்றாம் நாளிலிருந்து அவளுக்கு அது பிடித்துப்போய்விட்டது. வால்வை மூடினேனா என்று கேட்டால், கீரை ஆய்ந்துகொண்டே, "தெரியலியேங்க. தொறந்துகூட கெடக்கலாம்" என்பாள்.

அவர் தப்பே செய்யாதவர் என்று நான் எழுதவில்லை. ஒரு தப்பு செய்தார். அதில் பாதி என்னுடையது. பயம் வரும்போது எங்கே வந்தது, என்ன நினைத்தேன், நூற்றுக்கு எத்தனை, பிறகு உண்மையில் என்ன நடந்தது என்று எழுதச் சொல்லி ஒரு நோட்டைக் கொடுத்தார். பாய்லர்காரன் கையில் நோட்டைக் கொடுத்தால் அவன் என்ன செய்வான்? ஸ்கேல் வைத்துக் கோடு போட்டேன். ஆறு பத்தி. எங்கள் லாக் ஷீட்டில் மணிக்கொரு தடவை பிரஷர், தண்ணீர் மட்டம், புகை வெப்பம் எழுதுவதுபோல, காலை ஆறு முதல் இரவு ஒன்பது வரை மணிக்கொரு ரீடிங். பயம் இல்லாத மணிகளிலும் உள்ளே தேடிப் பார்த்து ஒரு எண் எழுதினேன். இரண்டு வாரத்தில் இருநூற்று இருபத்து நான்கு ரீடிங். ஒன்றுகூட விடுபடவில்லை. பெருமையாகக் கொண்டுபோனேன்.

பக்கம் பக்கமாகப் புரட்டினார். "மணிக்கொரு தடவ பயத்த போயி பாத்துட்டு வர்றீங்க. இதுவும் வால்வுதான் நைனா" என்றார். பிறகு, "தப்பு என்னுது. லாக் எழுதற ஆளுகிட்ட போயி நோட்ட குடுத்தேன் பாரு" என்று தன் நெற்றியில் தட்டிக்கொண்டார். நோட்டை இழுப்பறையில் போட்டுப் பூட்டினார். அதற்கப்புறம் மூன்று தடவை திருப்பிக் கேட்டுவிட்டேன். தரவில்லை.

நோட்டு போனதால்தான் அடுத்த புதன் அவர் ஆலைக்கே வந்தார். உள்ளே அல்ல. கேட்டுக்கு எதிர்ப்புறம் சாலையோரம் ஒரு டீக்கடை இருக்கிறது. காலை ஷிப்டு இரண்டு மணிக்கு முடிந்ததும் வால்வை ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டு நேராக அங்கே வரவேண்டும் என்பது ஏற்பாடு. வந்தேன். என்னை விட்டுவிட்டுக் கம்பெனி பஸ் போயிற்று. ஆலையின் புகைபோக்கியைப் பார்க்கும்படி உட்கார்ந்தேன்.

"அந்தப் பக்கம் திரும்பி உக்காருங்க."

"பொகைய பாத்தா உள்ள நல்லா எரியுதான்னு தெரியும்."

"அதுக்குத்தான் சொல்றேன்."

முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். "நூத்துக்கு எத்தினி?" என்றார். தொண்ணூற்றைந்து. ஒரு பன் வாங்கி டீயில் தோய்த்துச் சாப்பிட்டார். பத்து நிமிடம் கழித்துக் கேட்டார். தொண்ணூற்றைந்து. "நான் மூடிட்டேன் இல்லம்மா?" என்றேன். "நான் பாக்கலியே" என்றார். திரும்பிப் போகவேண்டும் என்று எழுந்தேன். அவர் தடுக்கவில்லை. "போறதுன்னா போங்க. ஒங்க காலு. ஆனா இன்னும் பத்து நிமிசம் கழிச்சி போங்களேன்" என்றார். உட்கார்ந்தேன். இப்படியே நான்கு தடவை எழுந்து நான்கு தடவை உட்கார்ந்தேன்.

அப்போது ஒரு நாய் பெஞ்சுக்கு அடியில் வந்தது. அந்த அம்மாள் இரண்டு கால்களையும் பெஞ்சின் மேல் தூக்கிக்கொண்டார். முகம் வெளுத்திருந்தது.

"கடிக்காதும்மா. இது எங்க கேண்டீன் நாயி, ஒண்ணும்..." என்று ஆரம்பித்தேன்.

"சொல்லாதீங்க!" என்றார். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். "எனக்கு இப்ப எழுவது. பேசாம இருங்க." சற்றுப் பொறுத்து ஒரு காலைக் கீழே வைத்தார். இன்னும் சற்றுப் பொறுத்து இரண்டாவது காலையும் வைத்தார். நாய் அவர் செருப்பை மோந்துபார்த்தது. புடவையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அது போகும்வரை காலை எடுக்காமல் இருந்தார். டீக்கடைக்காரர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

மூன்று மணிக்கு எனக்கு எண்பது. மூன்றரைக்கு ஐம்பத்தைந்து. நான்கு மணிக்கு முன்பு முப்பது. யாரும் போய்ப் பார்க்கவில்லை, யாரும் ஆறுதல் சொல்லவில்லை, எப்படி இறங்கியது என்று கேட்டேன். "நானும் அதைத்தான் கேக்கறேன். எப்டி எறங்குச்சி?" என்றார். அன்று அவருடைய பஸ் போய்விட்டது. ஷேர் ஆட்டோ பிடித்துத் தொற்றிக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு நான்கு வாரம் நாள்தோறும் ஒரு தடவைதான் பார்த்தேன். பஸ்ஸை நிறுத்தவில்லை. பயம் இல்லாமல் இல்லை. என்னுடன் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து ஆரம்பாக்கம் வரை வரும். அங்கே இறங்கி அது ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாகப் போவோம்.

அப்படி இருக்கும்போது ஒரு திங்கட்கிழமை, சாயங்காலம் நாலேகாலுக்கு வீட்டில் போன் அடித்தது. அடுத்த ஷிப்டுக்காரன். "அண்ணே, புளோடவுன் லைனுல கேஸ்கட்டு பிச்சிக்கிச்சிண்ணே. பாய்லர் ரூமு முழுக்க ஆவி" என்றான். அதே குழாய். கேஸ்கட் என்பது குழாயும் குழாயும் சேருமிடத்தில் இடையில் வைக்கும் வட்டத் தகடு. அன்று நான் வால்வை ஒரு தடவை பார்த்துவிட்டு வந்து இரண்டு மணி நேரம் இருபது நிமிடம் ஆகியிருந்தது.

"ஆளுங்க?"

"எல்லாம் நல்லா கீறாங்க. நெருப்ப அணச்சிட்டேன். என் செருப்புதான் பூட்ச்சி, சுடுதண்ணில. வெள்ளிக்கெழம மேனேஜர் ஒங்கள வரச்சொன்னாரு. நீங்க சரியா பாத்தீங்களான்னு விசாரணையாம்."

புதன்கிழமை டோக்கன்கூட வாங்காமல் அந்த அறைக்குள் நுழைந்தேன். "ஒங்க பேச்ச கேட்டேன். ஒரு தடவதான் பாத்தேன். இப்ப ஆயிடுச்சி" என்றேன்.

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டார். "நான் ஒண்ணும் ஆவாதுன்னு ஒங்ககிட்ட சொன்னேனா நைனா?"

ஒன்பது புதன்கிழமைகளையும் மனத்துக்குள் புரட்டினேன். சொல்லவில்லை. ஒரு தடவை சொல்லியிருந்தாலும் அன்றே அவரைப் பொய்க்காரி என்று தள்ளிவிட்டு, ஆறு தடவைக்கு அல்ல, பன்னிரண்டு தடவைக்குப் போயிருப்பேன்.

இழுப்பறையிலிருந்து முதல் நாள் எழுதிய மருந்துச் சீட்டை எடுத்து வாசித்தார். "வெடிக்கும். நாப்பத்திரெண்டு பேரு. போலீசு. ஜெயிலு. ஊட்டுக்காரம்மா தெருவுல. இதுல எத்தினி நடந்துச்சி?"

"ஒரு செருப்பு போச்சி."

"செருப்பு லிஸ்ட்டுல இல்லியே" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும்தான்.

பிறகுதான் உண்மையான தொல்லையைச் சொன்னேன். ஆறு தடவை பார்க்கிற ஆள் என்று ஆலை முழுவதும் எனக்குப் பெயர். ஆறு தடவை பார்த்தேன் என்று சொன்னால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். ஒரு தடவை என்று சொன்னால், அசட்டையாக இருந்தான், சிகிச்சைக்குப் போய்க் கெட்டான் என்று எழுதிவிடுவார்கள். பாய்லர் போய்விடும். கேட்டும் லாரி நம்பரும்தான்.

"ஒரு தடவன்னு சொன்னா வேல நெலைக்குமாம்மா?"

"தெரியாது நைனா." இம்முறை கொட்டாவி இல்லை. என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். எதைச் சொல் என்றும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை மேனேஜர் அறையில் மூன்று பேர் இருந்தார்கள். லாக் ஷீட் மேஜைமேல் விரிந்திருந்தது.

"திங்கக்கெழம எத்தன தடவ பாத்த?"

"ஒரு தடவ சார்."

"ஒரு தடவதானா? நீயா?"

"நானேதான் சார். நம்ம விதி பொஸ்தகத்துல ஒரு தடவன்னுதான் போட்டிருக்கு. மூடியிருந்தது. கசிவு இல்ல. கையெழுத்து போட்டேன்."

மேனேஜர் லாக் ஷீட்டில் என் கையெழுத்தைப் பார்த்தார். பிறகு மெயின்டனன்ஸ்காரர் பக்கம் திரும்பி, அந்த கேஸ்கட்டைக் கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்று கேட்டார். அவர் ரிஜிஸ்டரைப் புரட்ட ஆரம்பித்தார். புரட்டிக்கொண்டே இருந்தார். "நீ போ, ஷிப்டுக்கு நேரமாச்சு" என்று மேனேஜர் என்னிடம் சொன்னார். மிச்சமிருந்த மாதங்களையும் நான் பாய்லர் முன்னால்தான் கழித்தேன்.

பதினோராவது புதன் இதையெல்லாம் அவரிடம் சொன்னேன். மேனேஜர் கேட்ட கேள்வி, நான் சொன்ன பதில், ரிஜிஸ்டர், ஒன்றும் விடவில்லை. வேலை தப்பியதற்கு அவர் சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்தேன். தலையை ஆட்டிக்கொண்டார், அவ்வளவுதான்.

"ஒரு தடவன்னு சொன்னீங்களே, அப்ப நூத்துக்கு எத்தினி இருந்துச்சி?"

யோசித்தேன். மேனேஜரின் சட்டைப் பையில் இரண்டு பேனா இருந்தது ஞாபகம் வந்தது. ஜன்னலில் ஐந்து கம்பி. இது மட்டும் வரவில்லை.

"பாக்கலம்மா" என்றேன்.

பேனாவை மூடி வைத்தார். "அடுத்த புதன் வராதீங்க" என்றார்.

"அதுக்கடுத்த புதன்?"

"அதுக்கும் வேணாம்."

வாசலில் அடுத்த டோக்கன்காரர், கையில் சீட்டோடு, உள்ளே வரலாமா கூடாதா என்று நின்றுகொண்டிருந்தார். நான் எழுந்து நாற்காலியை அவர் பக்கம் தள்ளினேன்.